நம் சாட்சிகளின் பெயர் இருக்கும் பெட்டி

(மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கணினியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கணினி படித்தவன் இல்லை. வரலாறு படித்தேன்; வங்கியில் எழுத்தராக இருக்கிறேன்; கவிதை எழுதுகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பது மட்டும்தான் இங்கே நிற்க எனக்குள்ள தகுதி. ஆகவே பட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வன்கொடுமை வழக்கு. ஊர்த்தெருக்காரர்கள் காலனிக்குள் புகுந்து அடித்தார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஏன் சொல்லவில்லை என்பது பேச்சு முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். நாங்கள் நாலு பேர் போய் மூன்று நாள் தங்கி, பாதிக்கப்பட்டவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தோம். அதை என் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்தோம். பெயர், வயது, தகப்பன் பெயர், எந்தச் சந்தில் வீடு, கைபேசி எண், யார் எதைப் பார்த்தார்கள், எல்லாம். அந்த ஃபோல்டருக்குச் 'சாட்சிகள்' என்று பெயர் வைத்தவன் நான்தான். கணினியைத் திறந்ததும் முகப்பிலேயே தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அங்கிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர்.

"தம்பி, நான் சொன்னத யார்கிட்டனா சொன்னியா? கொல்லப்பக்கம் நின்னு பாத்தன்னு உங்ககிட்ட மட்டும்தான சொன்னன். அந்த ஆளு இன்னிக்கி கழனிக்கே வந்து, கொல்லப்பக்கம் நின்னு பாத்தியாமேன்னு கேக்குறான்."

(அவர் நின்று பார்த்த இடத்தை இங்கே மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.)

நான் யாரிடமும் சொல்லவில்லை. கூட வந்த மூவரும் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் காவல்நிலையத்தில் நாங்கள் இன்னும் கொடுக்கவும் இல்லை. எழுதிய நோட்டு என் பீரோவில் பூட்டிக் கிடந்தது. நோட்டைப் பூட்டத் தெரிந்த எனக்குக் கணினியைப் பூட்டத் தெரியவில்லை.

அந்தக் கணினி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கைமாறி வந்த பழைய பெட்டி. விற்ற கடைக்காரர் விண்டோஸ், போட்டோ வேலை மென்பொருள், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் காசில்லாமல் போட்டுக் கொடுத்தார். பூட்டை உடைத்த பிரதிகள்; 'கிராக்' என்று சொல்வோமே, அதுதான். அதைப் போடும்போது "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிடணும் சார், இல்லன்னா இத ஏத்தாது" என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் தெருவில் இணையத்தோடு இருந்த கணினி அது ஒன்றுதான். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம், தேர்வு முடிவு, சாதிச் சான்றிதழ், பட்டா மனு என்று தெருவே வந்து போகும். நகலகத்துப் பென் டிரைவும் வரும். வரவேண்டாம் என்று நான் சொல்லமுடியாது. அதற்காகத்தான் அதை வாங்கினோம். சேரிப் பிள்ளைகள் கை பட்டதால் கணினி கெட்டது என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கெட்டது அவர்களால் இல்லை. முதல் நாளே கதவைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வீட்டில் குடியேறியிருந்தோம்.

போன் வந்த மறுநாள், கணினி படிக்கும் நம் மாணவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். விண்டோஸுடனே டிஃபெண்டர் என்ற காவல் மென்பொருள் வருகிறது. அதில் 'எதைச் சோதிக்க வேண்டாம்' என்று ஒரு பட்டியல் உண்டு. எங்கள் கணினியில் அந்தப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. காவலுக்கு ஆளைப் போட்டு, கண்ணையும் கட்டிவிட்டிருந்தார்கள். கணினி தொடங்கும்போதே தானாக ஓட ஆரம்பிக்கும் நிரல்களில் ஒன்று, விண்டோஸின் சொந்தக் கோப்பு போலப் பெயர் வைத்துக்கொண்டு, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. உளவு மென்பொருள். தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும், திரையைப் படமெடுக்கும், கோப்புகளை வெளியே அனுப்பும். அதே வழியில் வெளியிலிருந்து கோப்புகளை உள்ளே வைக்கவும் முடியும். இந்தக் கடைசி வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பையன் பட்டியலைத் திருத்தினான். விண்டோஸ் ஓடாத நிலையில் சோதிக்கும் ஆஃப்லைன் ஸ்கேன் போட்டான். கண்டதையெல்லாம் அழித்தான். "போயிடுச்சுண்ணா" என்றான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

தூங்கியிருக்கக் கூடாது. ஒரு மாதம் கழித்து வேறு எதையோ தேடி மின்னஞ்சலின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், எனக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் நான் அறியாத ஒரு முகவரிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. உளவாளியை வீட்டைவிட்டுத் துரத்தினோம். அவன் போவதற்கு முன்பே தபால்காரரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த அம்மா சொன்னது இந்தக் கணினி வழியாகத்தான் கசிந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஏன் முடியாது என்பதும் என் தவறுதான். அழிக்கும் அவசரத்தில் எதையும் பதிவு செய்யாமல் அழித்தோம். களவு நடந்த வீட்டைப் பெருக்கி மெழுகிவிட்டுக் களவு போயிற்று என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இது என் ஒருவன் வீட்டுச் சங்கதி என்றால் இங்கே வந்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அந்தக் கணினியில் என் கவிதைகளும் இருந்தன. அவற்றை எவனும் திருடமாட்டான். அச்சடித்துக் கையில் கொடுத்தாலே வாங்க ஆளில்லை. நம்மிடம் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று பல தோழர்கள் கேட்கிறார்கள். பணம் இல்லைதான். ஆனால் நம்மை நம்பிப் பேசியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 15அ என்ற பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் வெளியே தெரியாமல் மறைத்துவைக்க நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. போராடிப் பெற்ற பிரிவு. சட்டம் மறைக்கச் சொன்னதை நான் முகப்பில் பெயர் போட்டுத் திறந்து வைத்திருந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருடுவது மட்டுமல்ல, கொண்டுவந்து வைப்பதும் நடக்கும். 1818 ஜனவரி 1 பீமா கோரேகான் போர். அதன் இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி 2017 டிசம்பர் 31 அன்று புனே சனிவார்வாடாவில் எல்கர் பரிஷத் கூடியது. மறுநாள் பீமா கோரேகானில் திரண்ட தலித்துகள் மீது தாக்குதல் நடந்தது. 2018 ஏப்ரல் 17-இல் டெல்லியில் ரோனா வில்சன் வீட்டிலும் நாக்பூரில் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் வீட்டிலும் சோதனை போட்டுக் கணினிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஜூன் 6-இல் ஐந்து பேர் கைது. அவர்களில் ஒருவர் சுதீர் தாவலே. மராத்தியில் 'வித்ரோஹி' இதழை நடத்தியவர். நம்மைப் போலச் சிறுபத்திரிகைக்காரர், கவிஞர்.

ரோனா வில்சன் கணினியின் ஹார்ட் டிஸ்க் பிரதியை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் கட்டணம் வாங்காமல் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் அதன் அறிக்கை வெளிவந்தது. 2016 ஜூன் 13 அன்று அவர் கணினிக்குள் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் புகுந்தது. கணினி கைப்பற்றப்படும் வரை 22 மாதங்களுக்கு மேல் உள்ளேயே இருந்தது. அதன் வழியாக ஒரு மறைவான ஃபோல்டரில் கடிதங்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டன. அந்தக் கணினியில் யாரும் அவற்றைத் திறந்ததற்கான தடயமே இல்லை என்றது அறிக்கை. அவர் கணினியில் இருந்தது வேர்டு மென்பொருளின் 2007 பதிப்பு. கடிதங்களோ அதற்குப் பிந்தைய பதிப்பில் உருவாகியிருந்தன. உள்ளே புகுந்தது எப்படி? தெரிந்த தோழரான வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்தி யாரோ அனுப்பிய கடிதங்கள் வழியாக. இணைத்திருப்பதைத் திறந்து பார் என்று அந்தக் கடிதங்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்தின.

சுரேந்திர காட்லிங், ஸ்டான் சுவாமி ஆகியோரின் கணினிகளைப் பற்றியும் இதே போன்ற அறிக்கைகள் பின்னால் வந்தன. ஸ்டான் சுவாமி நம் திருச்சிப் பக்கத்துக்காரர். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்துபோனார். அவர் கணினி பற்றிய அறிக்கை வெளிவந்தது 2022 டிசம்பரில். பார்க்க அவர் இல்லை. ஆனந்த் டெல்டும்டேவின் கதையும் உங்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் சரணடைந்தவர், 2022 நவம்பரில்தான் பிணையில் வந்தார். ரோனா வில்சனும் சுதீர் தாவலேயும் வெளியே வரும்போது 2025 ஜனவரி. ஆறரை ஆண்டுகள்.

இந்த அறிக்கைகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. கணினிக்குள் புகுந்தவர் யார் என்று ஆர்சனலும் பெயர் சொல்லவில்லை. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம்மிடம் இருப்பதற்கு மேலாக நாம் பேசக்கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கின் பிரதி இருந்ததால்தான் இவ்வளவும் வெளியே தெரிந்தது. என் வீட்டில் நடந்தது போல அழித்துத் துடைத்திருந்தால், அவர்கள் பக்கம் பேச ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

இப்போது வேலைக்கு வருகிறேன். உளவு மென்பொருளை நீக்கியாயிற்று, அடுத்து என்ன? இரண்டாம் முறை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. முதலில் இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையில் தெரிவதைக் கைபேசியில் படமெடுங்கள். தேதி, நேரம், யார் உடனிருந்தார்கள் என்று நோட்டில் எழுதி இருவர் கையெழுத்துப் போடுங்கள். வழக்குகளில் தொடர்புள்ள கணினியென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின மேல் கையெழுத்திட்டு வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். புது டிஸ்க் வாங்கிப் போடுங்கள். அது செலவுதான். ஆனால் அந்தப் பழைய டிஸ்க் வெறும் குப்பை இல்லை, உங்கள் சாட்சி.

இரண்டு. ஒருமுறை கெட்ட கணினியை ஸ்கேன் போட்டுச் சுத்தம் செய்து நம்பவேண்டாம். கடிதம், படம் போன்ற ஆவணங்களை மட்டும் நகலெடுங்கள், நிரல்களை எடுக்காதீர்கள். பிறகு விண்டோஸை முதலிலிருந்து புதிதாக நிறுவுங்கள். நிறுவும் கோப்பை நோயில்லாத வேறு கணினியில், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கிராக் வேண்டவே வேண்டாம். காசில்லை என்றால் லினக்ஸ் போடுங்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம், தமிழில் தட்டலாம், லிபர் ஆபீஸில் மனு எழுதலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 நம்மிடம் இருக்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏறாது. அவற்றைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. லினக்ஸ் அதே பெட்டியில் ஓடும். எங்கள் பெட்டி இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

மூன்று. பாஸ்வேர்டு. நான் செய்த பெரிய தவறு, நோய் பிடித்த கணினியிலேயே உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு போட்டது. திருடன் பார்த்துக்கொண்டிருக்க அவன் முன்னாலேயே பூட்டை மாற்றுவது அது. சுத்தமான வேறு கருவியில் மாற்றவேண்டும். முதலில் மின்னஞ்சல், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டுகளையெல்லாம் மின்னஞ்சல் வழியாகத்தான் மீட்கமுடியும், ஆகவே அதுதான் சாவிக்கொத்து. மாற்றியவுடன் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். கடிதங்கள் தானாக வேறெங்காவது போகிறதா, கணக்கை மீட்க யார் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது, வேறு எந்தச் செயலிக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது, மூன்றையும் பாருங்கள். வாட்ஸப்பில் 'இணைத்த கருவிகள்' பட்டியலைப் பாருங்கள். பிறகு இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிடக் கைபேசிச் செயலியில் வரும் எண் நல்லது. அவசரத்துக்குத் தரும் எண்களைத் தாளில் எழுதிக் கணினிக்குத் தொலைவில் வையுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, நீளமாக. பிறந்த தேதியும் வேண்டாம், 'ஜெய்பீம்' என்றும் வேண்டாம். நம்மை அறிந்தவன் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.

நான்கு. இது வங்கியில் கற்றது. வங்கியின் பெட்டக அறை ஒரே சாவியில் திறக்காது. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று காசாளரிடம். இருவரும் நல்லவர்கள்தான், ஆனாலும் இருவர் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் மேல் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லை அது. தவறு நடக்காமலும், நடக்காத தவறுக்கு ஒருவர் தலையில் பழி விழாமலும் காக்கிற ஏற்பாடு. கணினியிலும் அப்படியே. எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு ஒன்று. தினசரி வேலைக்கு உரிமை குறைந்த சாதாரணக் கணக்கு வேறு. நானும் தினமும் சாதாரணக் கணக்கில்தான் நுழைகிறேன். நிர்வாகிப் பாஸ்வேர்டு என்னிடமும் இன்னொரு தோழரிடமும் இருக்கிறது. இருவரும் பேசிக்கொள்ளாமல் எதையும் நிறுவுவதில்லை. தெருப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. அவர்கள் வருவது நிற்கவில்லை, தோழர்களே. இயக்கத்தின் ஆவணங்கள் அந்தக் கணினியிலிருந்தே வெளியேறிவிட்டன.

ஐந்து. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தாதீர்கள். "டேட்டா தீந்துடுதுண்ணா" என்று நிறுத்திவைக்கிறோம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பதுதான் புதுப்பித்தல். விண்டோஸில் இருப்பவர்களுக்கு அதோடு வரும் டிஃபெண்டரே போதும். அது ஓடுகிறதா, விலக்குப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உலாவியில் தேவையில்லாத துணைச்செயலிகளை நீக்குங்கள். வைஃபை பெட்டியை மறந்துவிடுகிறோம். அதன் நிர்வாகப் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே இன்னும் இருக்கும், மாற்றுங்கள். வெளியிலிருந்து அதை இயக்கும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள்.

ஆறு. இணைப்பைத் திறப்பதற்கு முன் அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள். "நீங்கதான் அனுப்பினீங்களா?" ஒரு கேள்வி போதும். ரோனா வில்சனுக்கு வந்ததும் தெரிந்தவர் பெயரில்தான். சுருக்கி மடித்த கோப்புகள், வேர்டு கோப்பில் 'உள்ளடக்கத்தை இயக்கு' என்று கேட்பவை, அவசரப்படுத்துகிற கடிதங்கள், இவை வந்தால் நில்லுங்கள். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டும். அமைப்பில் போய் அதைத் தெரியும்படி செய்துவிடுங்கள். பார்க்க பி.டி.எஃப் போல இருப்பது கடைசியில் இ.எக்ஸ்.இ என்று முடிந்தால் அது கடிதமில்லை, நிரல். 'அழைப்பாணை', 'உதவித்தொகை', 'உண்மையறியும் குழு அறிக்கை' என்று நாம் திறக்காமல் இருக்கமுடியாத பெயரோடுதான் அது வரும். 2019-இல், பெரும்பாலும் பீமா கோரேகான் கைதிகளுக்காகப் பேசியவர்களான ஒன்பது பேருக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் அனுப்பப்பட்டதை ஆம்னெஸ்டியும் சிட்டிசன் லேபும் 2020 ஜூனில் வெளிப்படுத்தின. அதே நெட்வயர்தான். அது இணையத்தில் விலைக்குக் கிடைத்த சரக்கு. 2023 மார்ச்சில்தான் அதை விற்ற தளம் முடக்கப்பட்டது.

ஏழு. டிஸ்க்கை மறையாக்கம் செய்யுங்கள். லினக்ஸ் நிறுவும்போதே கேட்கும், ஆமென்று சொல்லுங்கள். விண்டோஸின் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் உண்டு. இல்லாதவர்களுக்கு வெராகிரிப்ட் இலவசம். கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்கமுடியாது. ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து வேலை செய்யும்போது உள்ளே உளவாளி இருந்தால், நீங்கள் பார்ப்பதையெல்லாம் அவனும் பார்ப்பான். மறையாக்கம் மற்ற வேலைகளுக்கு மாற்று இல்லை. முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, எடுத்ததும் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள்.

எட்டு. இதற்குத் தொழில்நுட்பமே தேவையில்லை. குறைவாக வைத்திருங்கள். சாட்சிகளின் வாக்குமூலத்தில் இப்போது நாங்கள் பெயர் எழுதுவதில்லை, எண்தான். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் தாளில், வழக்கறிஞரிடம் மட்டும். இல்லாததை எவனாலும் திருடமுடியாது.

ஒன்பதாவதாக ஒன்று. இதைச் சொல்ல என் தாத்தாவைக் கூப்பிடவேண்டும். என் தாத்தா களத்துமேட்டுக் காவலுக்குப் படுத்தவர். ஆண்டையின் நெல்லை அம்பாரமாகக் குவித்ததும், அதன் மேல் சாணிப்பால் தெளித்துக் குறி போடுவார்கள். ராத்திரி ஒரு படி நெல் எடுத்தாலும் குறி கலைந்துவிடும். காலையில் ஆண்டை வந்து முதலில் பார்ப்பது குறியைத்தான். நெல்லைக் காத்தவனும் நாம். திருடியிருப்பான் என்று குறி போட்டதும் நமக்கு எதிராகத்தான். காத்த வீட்டுக்குக் கதவுண்டு, காத்தவன் குடிசைக்குப் படல்கூட ஒழுங்காக இருந்ததில்லை. மராட்டியத்தில் மகர்களும் இப்படித்தான் ஊர்க்காவல் பார்த்தார்கள். அந்த வதன் முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் பாபாசாகேப்.

கணினிக் கோப்புக்கும் அப்படி ஒரு குறி இருக்கிறது. ஹாஷ் என்பார்கள். ஒரு கோப்பையோ முழு டிஸ்க்கையோ கணக்கிட்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரியைத் தரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் வரி முழுக்க மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டம், மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழில் இந்த ஹாஷைக் குறிப்பிட இடம் வைத்திருக்கிறது. அதே நாளில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி ஒலிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆகவே நம் கணினியை யாராவது எடுக்க வந்தால் கத்தி ரகளை செய்வதைவிட மூன்று கேட்கவேண்டும்: பட்டியல் கொடுங்கள், வீடியோ எடுங்கள், ஹாஷ் எழுதிக் கொடுங்கள். மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதிவைக்கவேண்டும். அன்று அம்பாரத்தின் மேல் நமக்கு எதிராகப் போட்ட குறியை இன்று நமக்காக நாம் கேட்டு வாங்கவேண்டும். முக்கியமான ஆவணங்களுக்கு இப்போதே ஹாஷ் எடுத்து நோட்டில் எழுதித் தேதி போட்டுவையுங்கள். அதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன.

இவ்வளவும் செய்தால் யாரும் நுழையவே முடியாதா என்று கேட்பீர்கள். அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். நாம் எதையும் தொடாமலே கைபேசிக்குள் நுழைகிற பெகாசஸ் போன்றவை இருக்கின்றன. 2021 ஜூலையில் அந்தச் செய்தி வெளிவந்து, உச்சநீதிமன்றம் குழு அமைத்தது. சோதிக்கக் கிடைத்த 29 கைபேசிகளில் 5-இல் ஏதோ தீநிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை என்றது குழு. அவ்வளவு பெரிய ஆயுதத்தை என் பூட்டு தடுக்காது. ஆனால் நம் வீடுகளில் நுழைவது பெரும்பாலும் அதுவல்ல. கிராக் வழியாக, பென் டிரைவ் வழியாக, கடிதம் வழியாக நுழையும் மலிவுச் சரக்கு. அதைத் தடுக்க நம்மால் முடியும். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. அவசியமென்றால் புகார் கொடுங்கள், வழக்கறிஞரைக் கலந்துகொண்டு.

சில தோழர்கள் "இதெல்லாம் நடுத்தர வர்க்கப் பயம்" என்கிறார்கள். களத்துக்கு வா, கணினியை விடு என்கிறார்கள். களத்துக்குப் போய்த்தான் அந்த அம்மாவிடம் எழுதி வாங்கினோம். எழுதி வாங்கியதைக் காப்பதும் களப்பணிதான்.

கடைசியாக அந்த அம்மா. போனில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் போனேன். வாசலில் உட்கார்ந்து, என் கணினிக்குள் வேறு ஆள் இருந்தான், நீங்கள் சொன்னதை அவன் படித்திருக்கலாம், தவறு என்னுடையது என்று சொன்னேன். ஓர் ஆண்டைகூட அவரிடம் இதுவரை தவறு என்று சொன்னதில்லை போலிருக்கிறது. கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"செரி வுடு தம்பி. இப்பனா பூட்டு போட்டியா?"

போட்டேன் என்றேன்.

"நல்லாப் போட்டியா?"

அதற்குத்தான் தோழர்களே இவ்வளவு நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கு நடக்கிறது. அந்த அம்மா கூண்டேறிச் சொல்லத் தயாராக இருக்கிறார். ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் கணினியைத் திறந்து பாருங்கள். முகப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

ஜெய்பீம்.